ஏரோகிராம் கடிதம் ஒன்றைச் சரிசெய்த கதை: டேப், கோதுமைப் பால், பாதி அழிந்த அரைவட்டம்

கடிதம் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒட்டியிருந்த ஐந்து டேப்பும் வந்துவிட்டன, மூன்று கிழிசலும் கூடிவிட்டன, பேனா மையில் ஒரு எழுத்துகூடக் கரையவில்லை. ஆனால் பென்சிலில் போட்டிருந்த ஒரு சின்ன அரைவட்டத்தில் பாதியை என் கையாலேயே அழித்துவிட்டேன். அதையும் மறைக்காமல் எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சின்னதாக ஒரு பிரேம் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா பைண்டிங் வேலை பார்த்தவர். பேரேடு, பள்ளிக்கூட ரெஜிஸ்டர், கோயில் கணக்கு நோட்டு இதெல்லாம் தைத்துக் கட்டித் தருவார். கடைக்கு வருவதில் முக்கால்வாசி கல்யாணப் போட்டோ, பட்டச் சான்றிதழ், சாமி படம். தைப்பூசக் காவடி சமயத்தில் முருகன் படத்துக்குக் கண்ணாடி மாற்றியே ஒரு மாத வாடகை தேறிவிடும். பழைய காகிதத்தைச் செப்பனிடுவது என் தொழில் இல்லை. டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஒரு ஆன்ட்டிக்காக ஒப்புக்கொண்டேன்.

ஆன்ட்டிக்கு எழுபத்து நான்கு வயது. ஓய்வு பெற்ற பியானோ டீச்சர். பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான்; ‘தம்பி’, ‘ஐயோ’, திட்டுவதற்கு இரண்டு சொல், அவ்வளவுதான் தமிழ். குடும்பம் முதலில் மேகசின் பாரக்ஸில் இருந்தது, நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பு. 1960-களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பியபோது இவர்களும் கிளம்பினார்கள். மூத்த அக்கா பள்ளிக்கூடப் பியானோவில் படித்து, நிறம் பார்த்து இடம் ஒதுக்கிய அந்தக் காலத்தில் இங்கே மேடை கிடைக்காது என்று லண்டனுக்குப் போய்க் கச்சேரி வாசித்தவர். இப்போது இல்லை. 1971-ல் அவர் வாசித்ததைக் கேட்ட ஒரு இசையமைப்பாளர், தன் படைப்பை வாசித்ததற்காக, கைப்பட எழுதிய பாராட்டுக் கடிதம்தான் இது. அந்த நேரம் அக்கா ஊருக்கு வந்திருந்ததால் டர்பன் விலாசத்துக்கே வந்தது. இசையமைப்பாளரின் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்பது ஆன்ட்டி போட்ட ஒரே நிபந்தனை.

பொருள் ஏரோகிராம். நம்மூர் இன்லேண்ட் லெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிட மெல்லிசு, வெளிர் நீலம், மடித்து ஓரத்தை ஒட்டி அனுப்புவது. விரித்து அளந்தேன்: 29.4 சென்டிமீட்டர் உயரம், 18.3 அகலம். உள்ளே முழுக்க எழுத்து. இடம் போதாமல் கடைசி ஐந்து வரி வெளிப்பக்க மடிப்புக்குப் போயிருக்கிறது. அதாவது இரண்டு பக்கமும் தெரிய வேண்டிய காகிதம். இதை யாரோ ஒருவர் முன்பு ஹார்டுபோர்டில் வைத்து, கண்ணாடியை நேராக மேலே அழுத்தி, மடிப்புக் கிழிசல்களில் முக்கால் அங்குல செல்லோ டேப் ஒட்டி பிரேம் போட்டிருந்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆன்ட்டி வீட்டுச் சுவர் ஊறியது. பிரேமைக் கழற்றி அலமாரியில் வைத்தார்கள். ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் அட்டை பூசணம், ஓரத்தில் ராமபாணப் பூச்சி சுரண்டிய தடம்.

முதல் வேலை ஃப்ரீசர். பூச்சியும் முட்டையும் இருக்கும் காகிதத்தைக் கடைக்குள் விட்டால் மற்ற படங்களுக்கும் பரவும். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் கடிதத்தை வைத்து, ஆன்ட்டி வீட்டுப் பெரிய ஃப்ரீசரில் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம். ஒரு பக்கம் மீன், ஒரு பக்கம் பட்டாணி. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் காகிதம் வியர்த்துவிடும். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பூசணத்தை வாசலில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தட்டினேன். அப்புறம் மைச் சோதனை. பல் குத்தும் குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் தொட்டு, உதறி, ஒரு முற்றுப்புள்ளி மேல் ஒரு நொடி வைத்து எடுத்தேன். பஞ்சு நீலமாக வந்தது. சாதாரண ஃபவுண்டன் பேனா மை. தண்ணீர் பட்டால் ஓடிவிடும். காகிதத்தைத் தண்ணீரில் அலசி அழுக்கெடுக்கும் யோசனை அங்கேயே முடிந்தது. ஈரப் பசையும் கிடையாது.

இனி டேப். கடிதத்தில் நேரடியாகக் கை வைக்கவில்லை, அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது. தபால்தலை விற்கும் கடையில் இருபது ரேண்டுக்கு ஒரு பழைய ஏரோகிராம் வாங்கி, வேறொரு பழைய பிரேமின் அட்டையிலிருந்து டேப்பை உரித்து அதில் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிப் படியவைத்தேன். முதலில் தின்னர். டேப் என்னவோ நழுவி வந்தது. ஆனால் அந்த மஞ்சள் பிசின் கரைந்து காகிதத்துக்குள் இறங்கி, தேநீர் கொட்டிய மாதிரி வளையமாகப் பரவிவிட்டது. தின்னர் டப்பாவை மூடி மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.

அடுத்தது ஹேர் டிரையர். சூட்டில் பிசின் இளகும், பல் டாக்டர் பயன்படுத்தும் தட்டைக் கரண்டியைச் சாய்த்து நுழைத்து டேப்பைத் தூக்கலாம். வேலை செய்தது. இரண்டு தொல்லை. ஒன்று, காற்று அந்த மெல்லிசுக் காகிதத்தைப் படபடவென்று அடித்தது. இரண்டு, அந்த மாதங்களில் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது. கடிதத்தின் முதல் டேப்பில் முக்கால் தூரம் போயிருக்கிறேன், கரண்ட் போய்விட்டது. டேப் பாதி தூக்கிய நிலையில் மறுபடி இறுகிக்கொண்டது.

இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அம்மா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்ட விதம் ஞாபகம் வந்தது: அடி தட்டையான சொம்பில் கொதிக்கிற தண்ணீர். கேஸில் தண்ணீர் வைத்தேன். சில்வர் டம்ளரில் 70 டிகிரி அளவுக்கு ஊற்றி (சமையல் தெர்மாமீட்டர் இருந்தது), டேப்பின் மேல் பேக்கிங் தாள் ஒன்றைப் பரப்பி, அதன்மேல் டம்ளரை 40 நொடி வைத்து எடுத்தேன். காற்று இல்லை, ஆட்டம் இல்லை, சூடு ஒரே சீராக இறங்கியது. கரண்டியை விட்டால் டேப் பாம்புச் சட்டை மாதிரி கழன்று வந்தது. மீதி நான்கு டேப்பும் டம்ளரால்தான். டம்ளரின் வெளிப்புறத்தையும் அடியையும் துணியால் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் மை போச்சு.

டேப் வந்த இடத்தில் தேன் நிறத்தில் பிசுபிசுப்பு மிச்சம் இருந்தது. இதற்கு கிரேப் ரப்பர் என்று ஒன்று கிடைக்கிறது; செருப்பு அடிப்பாகம் மாதிரி இருக்கும், 190 ரேண்ட். அழுத்தாமல் ஒரே திசையில் உருட்டினால் பிசின் உருண்டை உருண்டையாக வரும். முதல் இரண்டு இடத்தில் அருமையாக வந்தது. தலைக்கனம் ஏறிவிட்டது.

மூன்றாவது டேப் இருந்த இடம் இரண்டாம் மடிப்பின் வலது ஓரம். அந்த ஓரத்தில் பென்சிலால் நான்கு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஐந்து கோடு, கையாலேயே இழுத்தது, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதில் இரண்டு கொத்து ஸ்வரம், அதற்கப்பால் வளைந்து நெளிந்த ஒரு குறி. அதெல்லாம் இசைக்குறிப்பு என்று எனக்கும் தெரிந்தது, தொடவில்லை. கோடுகளுக்கு மேலே, பிசினுக்கு அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு அரைவட்டம், அதன் வயிற்றுக்குள் ஒரு புள்ளி. ஐந்து கோட்டுக்கும் வெளியே தனியாக நின்றது. துரு வளையம் என்று நினைத்தேன். குண்டூசி குத்தி வைத்திருந்தால் இப்படித்தான் தடம் விழும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். ரப்பரை நான்கைந்து முறை உருட்டினேன். வலது பாதி சுத்தமாக வந்துவிட்டது.

சனிக்கிழமை ஆன்ட்டி ஒரு டப்பா சில்லி பைட்ஸோடு வந்தார். எண்ணெய்ப் பண்டம் என்று மேசைக்கு ஐந்தடி தள்ளியே நிறுத்திவைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, ஃபெர்மாட்டா எங்கே?”

எனக்கு அந்தச் சொல்லே புதிது. ஒரு ஸ்வரத்தின் மேலோ, மௌனத்தின் மேலோ அந்த அரைவட்டமும் புள்ளியும் இருந்தால், எழுதிய அளவைத் தாண்டி நிறுத்து, எவ்வளவு நேரம் என்பது உன் இஷ்டம் என்று அர்த்தமாம். சொல்லிவிட்டுக் கடிதத்தின் அந்தப் பகுதியை எனக்கு வாசித்துக்காட்டினார். இரண்டு மாதமாக என் மேசையில் கிடந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. படைப்பின் முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன இடைவெளி மட்டும்தான் இசையமைப்பாளர் எழுதியிருந்தாராம். அக்கா அதை அவர் நினைத்ததைவிட ரொம்ப நேரம் நீட்டியிருக்கிறார். மறந்துவிட்டாளோ என்று முதலில் பயந்தேன், அடுத்த ஸ்வரம் விழுந்ததும்தான் அந்த இடம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கே புரிந்தது, என் பிரதியில் இந்தக் குறியைச் சேர்த்துவிட்டேன் என்று எழுதி, பக்கத்திலேயே வரைந்தும் காட்டியிருக்கிறார்.

பாராட்டே அந்தக் குறிதான். அதைத்தான் துரு என்று உருட்டி எடுத்திருக்கிறேன்.

ஆன்ட்டி கத்தவில்லை. தமிழில் இருந்த இரண்டு சொல்லில் ஒன்றைச் சொன்னார். அப்புறம் உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. சொராப்ஜி என்று ஒரு இசையமைப்பாளர், பம்பாய்ப் பார்சி அப்பாவுக்கும் ஆங்கிலேய அம்மாவுக்கும் 1892-ல் பிறந்தவர். தன் அனுமதி இல்லாமல் தன் இசையை யாரும் மேடையில் வாசிக்கக் கூடாது என்று பல பத்தாண்டு அடம்பிடித்தவர். கடைசியில் 1976-ல் அந்தப் பூட்டைத் திறந்துவிட்டபோது அனுமதி பெற்றவர்களில் ஒருவர் நம் கேப்டவுனில் பிறந்த யாண்டி சாலமன். ‘எழுதுகிறவர்கள் வாசிக்கிறவர்களைச் சுலபத்தில் நம்ப மாட்டார்கள்’ என்றார் ஆன்ட்டி. இங்கத்திய ஆர்னல்ட் வான் வைக் 1950-களில் எழுதிய ‘நாக்முசீக்’ என்ற பியானோ படைப்பு, இறந்துபோன நோயல் மியூட்டன்-வுட் என்ற பியானோ கலைஞரின் நினைவாகச் செய்தது என்றும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் அந்தப் பாதி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி போன் டார்ச்சை மேசையோடு படுக்கவைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். பென்சில் கரி போய்விட்டது, அழுத்திய பள்ளம் போகவில்லை. வலது பாதி ஒரு மயிரிழைக் கால்வாய் மாதிரி முழுசாகத் தெரிந்தது. அந்த இசையமைப்பாளர் பென்சிலை அழுத்திப் பிடிக்கிறவர், புண்ணியவான். அந்தச் சாய்ந்த வெளிச்சத்திலேயே படம் எடுத்து ஆன்ட்டிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். “அதன் மேலேயே நீ வரைந்துவிடேன்” என்று பதில் வந்தது. மாட்டேன் என்றேன். வேலை ஆரம்பிக்கும் முன் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தேன். டேப்புக்கு அடியில் மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனாலும் முழு அரைவட்டம். அதை அச்செடுத்து பிரேமோடு தருகிறேன், மூலத்தில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன். மீதியிருந்த பிசினில், பென்சில் தடத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். தேன் நிறத்தில் ஒரு திட்டு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

கிழிசல் ஒட்டுவதற்குப் பசை. அப்பாவின் பைண்டிங் பசை எனக்கு மனப்பாடம்: மைதாக் கஞ்சி, பூச்சி வராமல் இருக்க மயில் துத்தம் ஒரு சிட்டிகை. இங்கே அது ஆகாது. துத்தத்தில் இருக்கும் தாமிரம் நாளாக நாளாகக் காகித நாரை அரித்துப் பழுப்பாக்கும். அப்பா கட்டிய பேரேடுகளின் முதுகே சாட்சி. வேண்டியது சுத்தமான கோதுமை மாச்சத்து, பசையம் (குளூட்டன்) நீக்கியது. பொட்டலமாக வாங்கினால் தபால் செலவு பசையைவிட அதிகம். யோசித்துப் பார்த்தால் இது நம்ம அல்வாச் சரக்குதான். திருநெல்வேலிக்காரனுக்குக் கோதுமைப் பால் எடுக்கச் சொல்லித்தரவா வேண்டும்?

ஆனாலும் முதல் தடவை சொதப்பினேன். வீட்டிலிருந்த கேக் மாவைப் பிசைந்து தண்ணீரில் கசக்கினேன். பசையம் குறைந்த மாவு அது; உருண்டை நிற்காமல் மொத்தமும் கரைந்து கூழாகிவிட்டது. மறுநாள் பிரெட் மாவு அரைக் கிலோ வாங்கி, இறுக்கமாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டுக் கசக்கினேன். பால் தனியாக இறங்கியது, கையில் சூயிங்கம் மாதிரி பசையம் மட்டும் நின்றது. பாலை மல் துணியில் வடிகட்டி, ராத்திரி தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றித் தெளியவிட்டு, இப்படி மூன்று முறை. அடியில் தங்கியதை நிழலில் காயவைத்தால் வெள்ளை மாவு. ஒரு பங்கு மாவு, நான்கு பங்கு தண்ணீர், சின்னத் தீயில் அரை மணிக்கு மேல் கை விடாமல் கிண்டினேன். கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, ஆறவைத்து, சல்லடையில் இரண்டு முறை தேய்த்தேன். டர்பன் புழுக்கத்தில் இரண்டாம் நாளே புளித்த வாடை வந்துவிட்டது. ஃப்ரிட்ஜில் வைத்தும் ஐந்து நாளுக்கு மேல் நம்பவில்லை. எனக்கு வேண்டியிருந்தது இரண்டு ஸ்பூன் மாவு. மீதியை நெய்விட்டுக் கிண்டி அல்வாவாக்கி ஆன்ட்டி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி.

ஈரப் பசை கூடாது என்றேன் அல்லவா, அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் பசையைத் தண்ணீர் மோர் பதத்துக்குத் தளர்த்திப் பூசி, அதன்மேல் மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளைப் படியவிட்டுக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் உரித்தால் பசை பூசிய தாள் தயார், பழைய தபால்தலை மாதிரி. அதில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஊசியால் கோடு கீறிக் கையால் கிழித்தேன். கத்தரித்தால் ஓரம் கூர்மையாக நின்று காகிதத்தை வெட்டும். கிழித்தால் நார் நாராக நின்று ஒட்டிய இடம் தெரியாது. மை ஒற்றும் தாளை நனைத்து, இன்னொரு காய்ந்த தாளில் அழுத்தி ஈரத்தை வாங்கிவிட்டு, அந்தக் கடைசி ஈரத்தில் டிஷ்யூ பட்டையை மூன்று நொடி வைத்து எடுத்துக் கிழிசலில் ஒட்டினேன். மேலே பேக்கிங் தாள், மை ஒற்றும் தாள், ஒரு கண்ணாடித் துண்டு, இரண்டு கிலோ அரிசிப் பை. கிழிசலுக்கு ஒரு நாள். எங்கேயும் மை நகரவில்லை.

பிரேமில் ஒரு திருப்பம். இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்பதால் மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவிடுவதாகத்தான் திட்டம், உறைகூட வாங்கியாயிற்று. ஆனால் மைலாரில் நிலைமின்சாரம் ஏறும். பென்சில் கரியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் பாதி வட்டமும் போனால் ஆன்ட்டி முகத்தில் எப்படி விழிப்பது? உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அமிலமில்லாத அட்டை இரண்டில் ஜன்னல் வெட்டி, நடுவே கடிதத்தை நான்கு ஓரத்திலும் டிஷ்யூப் பட்டையால் மட்டும் பிடிக்க வைத்தேன். முன்னும் பின்னும் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக். அதிலும் நிலைமின்சாரம் உண்டு, அதனால் அட்டையைத் தடிமனாகப் போட்டு 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். அடுத்த தடவை கண்ணாடிதான் போடுவேன், கனமானாலும் பரவாயில்லை.

செலவு: டிஷ்யூ ஒரு தாள் 210 ரேண்ட், மை ஒற்றும் தாள் 160, கிரேப் ரப்பர் 190, பேக்கிங் தாள் 45, மாவு 28, அட்டை 640, அக்ரிலிக் 980. மரம் கடையில் கிடந்த துண்டு. மொத்தம் 2,253. முதலிலேயே 2,800 என்று பேசிவிட்டேன். 31 மணி நேரத்துக்கு 547 ரேண்ட். மணிக்கு 18 ரேண்டுகூட இல்லை. சோதனைக் கடிதத்தின் இருபது ரேண்டைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மாட்டும்போதும் ஒரு தப்பு நடக்க இருந்தது. வடக்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைக் காட்டி, அங்கே வெயில் வராது என்றேன், ஊர்ப் பழக்கம். ஆன்ட்டி சிரித்தார். இங்கே சூரியன் வடக்கு வழியாகத்தான் போகிறது. பதினோரு வருடம் இருந்தும் இது மட்டும் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது. நடைவழியில், பியானோ அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினோம். யார் வந்தாலும் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து அந்தப் பள்ளத்தைக் காட்டுகிறாராம். விளக்குப் படுவது காகிதத்துக்கு நல்லதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கடையில் எழுத்து உள்ள காகிதம் எது வந்தாலும், முதலில் கொண்டுவந்தவரையே வாசித்துக்காட்டச் சொல்கிறேன். சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்த பிறகுதான் டம்ளருக்குத் தண்ணீரை அடுப்பில் வைப்பது. ரப்பர் கடைசி.

கிளம்பும்போது ஆன்ட்டி இன்னொரு கவரை நீட்டினார். அக்காவின் கச்சேரி நிகழ்ச்சி நிரல், எட்டுப் பக்கம். பதினொரு டேப் எண்ணினேன். பென்சில் குறிப்பு ஏதாவது இருக்கிறதா ஆன்ட்டி என்று கேட்டேன். பக்கத்துக்குப் பக்கம் என்றார்.